கதவு திறந்ததா என்பது இரண்டாவது கேள்வி

எஸ்கேப் ரூம் போய் வந்த பிள்ளைகளிடம் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வெளியிலே வந்திட்டீங்களா?" ஆம் என்றால் கெட்டிக்காரர், இல்லை என்றால் "அப்ப காசு வீண்தானே" என்று ஒரு சிரிப்பு.

எங்கள் வாலிபர் கூட்டம் சென்ற குளிர்காலத்தில் ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐந்து அறைகளுக்குப் போனது. இரண்டில் மட்டும்தான் நேரத்துக்குள் கதவைத் திறந்தோம். ஆனால் எங்களில் அநேகருக்கு மிகவும் பிடித்த அறை, நாங்கள் தோற்ற மூன்றில் ஒன்று. அதிகம் பேருக்குப் பிடிக்காத அறையோ 20 நிமிடம் மிச்சமிருக்க வென்ற அறை. இது எப்படி என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

போகாதவர்களுக்காக இரண்டு வரி. நாலு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று ஒரு குழுவாக ஓர் அறைக்குள் போவீர்கள். அறை ஒரு கதைக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கும்: கள்ளன் பதுங்கிய வீடு, எகிப்தியக் கல்லறை, நீர்மூழ்கிக் கப்பல், இப்படி. லாச்சிகளிலும் புத்தகங்களிலும் படங்களுக்குப் பின்னாலும் துப்புகள் இருக்கும். ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒரு பூட்டுத் திறக்கும், அதற்குள் அடுத்த துப்பு. பெரும்பாலும் 60 நிமிடம். கேம் மாஸ்டர் ஒருவர் கமராவில் பார்த்துக்கொண்டிருப்பார், தடுமாறினால் உதவுவார்.

இதன் பிறப்பிடம் ஜப்பான். 2004இல் தொஷிமிட்சு தகாகி என்பவர் செய்த 'கிரிம்சன் ரூம்' என்ற கணினி விளையாட்டில், மூடிய அறைக்குள் இருக்கும் பொருட்களைத் தட்டித் தட்டி வழி தேட வேண்டும். அப்படிப்பட்ட விளையாட்டுகளை நிஜ மனிதரை வைத்து நிஜ அறையில் நடத்தினால் என்ன என்று தகாவோ கட்டோவின் ஸ்க்ராப் நிறுவனம் 2007இல் கியோட்டோவில் ஆரம்பித்தது. 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் பாராபார்க் திறந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. பாராபார்க்கைத் தொடங்கியவருக்கு, ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயியின் கருத்தொன்று தூண்டுகோலாக இருந்தது. வேலை மிகச் சுலபமானால் மனிதனுக்குச் சலிப்பு, மிகக் கடினமானால் பதற்றம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் நேரம் போவது தெரியாமல் மூழ்கிவிடுகிறான் என்பது அது. எஸ்கேப் ரூமைப் பற்றி நல்ல தீர்ப்புச் சொல்ல விரும்புகிறவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நாங்கள் புள்ளி போட்ட முறையையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்ததும், கோப்பி குடிக்கப் போகுமுன், ஆளுக்கொரு துண்டுக் கடதாசி. ஒருவரோடொருவர் கதைக்காமல் எழுத வேண்டும். இதில் கண்டிப்பாக இருந்தோம். ஏனென்றால் முதலில் வாய் திறப்பவர் "சூப்பர்" என்றால் மற்ற ஏழு பேருக்கும் அது சூப்பர் ஆகிவிடும். எழுத வேண்டியவை: எத்தனை நிமிடம் கை சும்மா இருந்தது? எந்தப் புதிர் கதையோடு சேர்ந்திருந்தது, எது ஒட்ட வைத்ததுபோல் இருந்தது? இன்னொருவர் கண்டுபிடித்ததில் எது உன்னை ஆச்சரியப்படுத்தியது? அம்மாவையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு இதே அறைக்கு வருவாயா? கதவு திறந்ததா என்பதற்குப் புள்ளியே கிடையாது.

வென்ற அறை ஓர் ஆய்வுகூடம் என்று பெயர். சுவரில் சில கண்ணாடிக் குழாய்கள், வெள்ளை மேலங்கிகள், பச்சை வெளிச்சம். ஆனால் புதிர்கள் எல்லாம் கூட்டல், கழித்தல், சுடோகு, எழுத்து மாற்றம். ஆய்வுகூடத்தை எடுத்துவிட்டு அதே புதிர்களைக் கோழிப்பண்ணைக்குள் வைத்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. எண்ணிப் பார்த்தால் பதினொரு இலக்கப் பூட்டுகள். கணக்கில் கெட்டியான பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் முன்னே போய் ஒன்றொன்றாகத் திறந்தான். நாங்கள் பின்னால் நின்று கை தட்டினோம். "34 நிமிடம் சும்மா" என்று ஒரு கடதாசியில் இருந்தது. அந்த விளையாட்டே 40 நிமிடம்தான் நடந்தது.

தோற்ற அறை பழைய மருந்துக் கடை. அங்கே புதிர் என்று தனியாக ஒன்றும் இருக்கவில்லை என்றே சொல்லலாம். மருந்துச் சீட்டை வாசித்து, போத்தல்களைத் தேடி, சரியான அளவை நிறுத்து வைத்தால் லாச்சி திறக்கும். நிறுப்பதற்கு இரண்டு தட்டுத் தராசு. பிள்ளைகள் யாருக்கும் அது பிடிபடவில்லை. எண் காட்டும் தராசைத்தானே அவர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்பதற்காக எங்களோடு வந்திருந்த அன்ரி, அதுவரை மூலையில் கைப்பையோடு நின்றவர், "தள்ளு பார்ப்பம்" என்று வந்து படிக்கல்லை ஒரு பக்கத்தில் வைத்து மற்றப் பக்கத்தில் கொட்டிச் சமப்படுத்தினார். ஊரில் தகப்பனாருக்குக் கடை இருந்ததாம். லாச்சி டக்கென்று திறந்தபோது எழுந்த சத்தத்துக்குக் கேம் மாஸ்டரே ஒலிபெருக்கியில் சிரித்துவிட்டார். கடைசிக் கதவுக்கு இன்னும் இரண்டு புதிர் இருக்கும்போது நேரம் முடிந்தது. கவலைப்பட்டவர் ஒருவரும் இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பற்றி நமது ஒன்ராறியோ மாகாணத்திலேயே ஒருவர் நிறைய எழுதியிருக்கிறார். வில்ஃபிரிட் லோரியர் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வடிவமைப்புக் கற்பிக்கும் பேராசிரியர் ஸ்கொட் நிக்கல்சன். 2015இல் உலகெங்குமுள்ள 175 எஸ்கேப் ரூம் நிலையங்களிடம் விவரம் சேகரித்து ஓர் ஆய்வு வெளியிட்டார். அதற்கு அடுத்த வருடம் அவர் எழுதியதன் சாரம் 'ஏன் என்று கேள்' என்பதுதான். இந்தப் பூட்டு ஏன் இந்த அறையில் இருக்கிறது? இந்தக் கதையில் வருகிற மனிதர் தன் லாச்சியின் இலக்கத்தை ஏன் சுவரில் புதிராக எழுதி வைக்க வேண்டும்? காரணம் சொல்ல முடியாத புதிர் அந்த அறைக்கு உரியதல்ல. நாங்கள் இதை வாசித்த பிறகு பிள்ளைகள் அறைக்குள்ளேயே "ஏன்? ஏன்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கொஞ்சம் தொல்லைதான். ஆனால் அதனால் பல புதிர்கள் கெதியாக அவிழ்ந்தன. கதைக்குள் நின்று யோசித்தால் எங்கே தேடுவது என்று தெரிகிறது.

நிக்கல்சன் இன்னொன்றையும் பிரித்துக் காட்டுகிறார். சில அறைகளில் புதிர்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்று முடியாமல் அடுத்தது கிடையாது. சிலவற்றில் மூன்று நாலு புதிர்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வாலிபர் கூட்டம்போல் எட்டுப் பேராகப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். சங்கிலி அறைக்குள் எட்டுப் பேர் போனால் இரண்டு பேர் விளையாடுவார்கள், ஆறு பேர் அவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். ஆளுக்கு 30 டொலருக்கு மேல் கொடுத்து முதுகு பார்ப்பதா? பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். "எட்டுப் பேர் வரலாம்" என்று விளம்பரத்தில் இருக்கும். எட்டுப் பேர் நிற்கலாம் என்பதுதான் சில வேளை அதன் அர்த்தம். எங்கள் அனுபவத்தில் ஓர் அறைக்கு நாலு அல்லது ஐந்து பேர்தான் சரி. மீதிப் பேர் பக்கத்து அறையில் விளையாடிவிட்டு வந்து கதைக்கலாம்.

குழு விளையாடுகிற விதத்திலும் மூன்றாவது அறையிலிருந்து சிலதை மாற்றினோம். கண்டெடுத்த எதையும் சட்டைப்பையில் வைக்கக்கூடாது. உரக்கச் சொல்லி நடு மேசையில் வைக்க வேண்டும். பயன்படுத்தி முடித்த திறப்பு அந்தப் பூட்டிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அதையே நாலு பேர் நாலு இடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு புதிரில் ஐந்து நிமிடம் முட்டினால் ஆளை மாற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னது சொல்லச் சுலபம், செய்யக் கஷ்டம். கணக்குத் தம்பிக்கு அது கசந்தது. ஆனால் அவன் விலகிய இடத்தில் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள், மேலே தொங்கிய விளக்குகளின் நிறங்கள்தான் தரையில் உள்ள ஓடுகளின் ஒழுங்கு என்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். இரண்டு முறை சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. அன்றைக்கு எழுதிய கடதாசிகளில் 'ஆச்சரியப்படுத்தியது' என்ற இடத்தில் ஐந்தில் நாலு அவளைப் பற்றி.

கேம் மாஸ்டரையும் மறக்காமல் புள்ளி போடுங்கள். நல்லவர் விடையைச் சொல்லமாட்டார், பார்வையைத் திருப்புவார். "கடிகாரத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்களா?" என்பது உதவி. "கடிகாரத்தில் மணி 4.35" என்பது பறித்தல்.

இனிக் கருப்பொருள். நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டியது இதைத்தான். பேயோட்டுதல், செத்தவரோடு பேசுதல், சாத்தானிய வட்டம் என்று பல அறைகள் உண்டு. எங்கள் கூட்டத்தில் அவற்றை வேண்டாம் என்று பெற்றோரோடு பேசி முடிவெடுத்தோம். அது எதிர்பார்த்ததுதான், நீண்ட விவாதமும் இல்லை. ஒருவரும் எதிர்பாராதது வேறு. நாலாவது அறைக்கு ஒருவன் 'பங்கர்' என்ற விளையாட்டைத் தெரிந்தான். சிவப்பு வெளிச்சம், அபாயச் சங்கு, மேலே குண்டு விழும் சத்தம், 60 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். விவரத்தை வாசித்துக் காட்டியபோது, தராசு நிறுத்த அதே அன்ரி, "நான் காருக்குள்ள இருக்கிறன் பிள்ளை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம்" என்றார்.

இங்கே பிறந்த எங்களுக்குப் பங்கர் என்பது வீடியோ விளையாட்டில் வருகிற ஒரு சொல். அவருக்கு அது முற்றத்தில் தோண்டிய கிடங்கு. மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூடை, விமானச் சத்தம் கேட்டால் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம். அன்று மாலை அதைப் பற்றி அவர் முக்கால் மணித்தியாலம் கதைத்தார். சொந்தப் பிள்ளைகளே அதில் பாதியை முதல்முறையாகக் கேட்டார்கள். நாங்கள் நாலாவது அறையை மாற்றி ஒரு ரயில் பெட்டிக்குள் போனோம். சிறைச்சாலை, விசாரணை அறை, கைவிலங்கோடு தொடங்கும் விளையாட்டு எல்லாமும் இந்த வகைதான். இவை கூடாது என்று நான் சொல்லவில்லை; பதினாறு வயதுப் பிள்ளைகள் தனியாகப் போனால் அது வெறும் விளையாட்டு. ஆனால் குடும்பமாகப் போகும்போது விவரத்தை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டி, யாராவது பேசாமல் இருந்துவிடுகிறார்களா என்று பாருங்கள்.

கதவைப் பற்றியும் ஒரு பந்தி. 2019 ஜனவரி 4ஆம் திகதி போலந்தின் கொஷாலின் நகரில் ஒரு பிறந்தநாளுக்காக எஸ்கேப் ரூம் போன ஐந்து பிள்ளைகள், எல்லோருக்கும் வயது 15, தீ விபத்தில் புகைக்குள் அகப்பட்டு இறந்தார்கள். தப்ப ஒழுங்கான வழி இருக்கவில்லை. அதன் பின் போலந்து அரசு நாடெங்கும் இப்படிப்பட்ட நிலையங்களைச் சோதித்துப் பலவற்றை மூடியது. நல்ல நிலையங்களில் நீங்கள் நிஜமாகப் பூட்டப்படுவதில்லை. உள்ளே வந்த கதவு திறந்தே இருக்கும், அல்லது பக்கத்தில் அழுத்தினால் உடனே திறக்கும் பொத்தான் இருக்கும். காந்தப் பூட்டானால் மின்சாரம் நின்றதும் தானாக விட்டுவிட வேண்டும். விளையாட்டுத் தொடங்குமுன் கேம் மாஸ்டரிடம், "இப்ப ஒருக்காத் திறந்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களிடம் ஓரிடத்தில் முகத்தைச் சுளித்தார்கள். அந்த இடத்துக்கு யாரும் "திரும்பி வருவேன்" என்று எழுதவில்லை.

இந்த நகரத்தில் கருப்பொருளும் இடமும் உண்மையாகவே ஒன்றாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குக் காசா லோமா இருக்கிறது. சேர் ஹென்றி பெலற் 1911இல் கட்டத் தொடங்கிய அந்த மாளிகையில் எஸ்கேப் விளையாட்டுகளும் நடத்தப்பட்டு வருகின்றன. அவற்றில் 'ஸ்டேஷன் எம்' இரண்டாம் உலகப் போர்க்கால உளவு வேலையைக் கருவாகக் கொண்டது. இது வெறும் கற்பனையும் அல்ல. போர்க்காலத்தில் அந்த மாளிகையின் குதிரை லாயத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் அஸ்டிக் கருவிகளை இரகசியமாகச் செய்தார்கள். ஸ்காபரோவிலிருந்து கிழக்கே அரை மணித்தியாலம் ஓடினால் விற்பி, ஒஷாவா எல்லையில் 'காம்ப் எக்ஸ்' என்ற உளவாளிப் பயிற்சி முகாம் 1941 டிசம்பரில் தொடங்கிய இடமும் வரும். இப்போது அது ஒரு பூங்கா. பார்க்கக் காசு தேவையில்லை.

ஆறாவது அறையைத் தெரியும் பொறுப்பு இம்முறை பெற்றோரிடம். நாலு நாலு பேராக இரண்டு குழு, ஒவ்வொன்றிலும் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் கட்டாயம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் மண்டப வாசல் மேசையில் இருக்கும் தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே வேண்டாத கருப்பொருள்களை எழுத ஒரு கோடும் இருக்கிறது. காரணம் எழுதத் தேவையில்லை. கடதாசியும் பேனையும் நாங்கள் கொண்டுவருவோம்.