புழுவுக்கு அடித்த மருந்து பையன்கள் மூளைக்கும் போகிறது

கெய்ரோவுக்கு வடக்கே நைல் நதி இரண்டாகப் பிரிந்து கடலை நோக்கி ஓடுகிறது. அந்த இரண்டு கிளைகளுக்கும் நடுவே இருக்கிறது மெனூஃபியா மாவட்டம். கரிய வண்டல் மண், வாய்க்கால், வரப்பு. தஞ்சாவூர்க்காரர் ஒருவரைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால் பாதிக்கு மேல் பழகின காட்சியாகவே இருக்கும். நெல் இருக்கவேண்டிய இடத்தில் பல வயல்களில் பருத்தி நிற்கும், அவ்வளவுதான்.

பருத்திக்குப் பகை இலைப்புழு. நம் ஊரில் கடலையையும் புகையிலையையும் நாசம் செய்யும் வெட்டுப்புழுவுக்கு அது பங்காளி. அதை ஒழிக்க எகிப்தியர்கள் வெகுகாலமாக நம்பியிருந்தது சிறுவர்களை. இலையைத் திருப்பி முட்டை பொறுக்குவது குழந்தைகள் வேலை. 7 வயதிலிருந்து 12 வயதுவரை ஆண்டுதோறும் 10 லட்சம் குழந்தைகளுக்கு மேல் இந்த வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள் என்று 2001-ல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற மனித உரிமை அமைப்பு எழுதியது. நாளுக்கு 11 மணி நேர வேலை. கூலி சுமார் 3 எகிப்திய பவுன். அன்றைய கணக்கில் ஒரு டாலர்கூடத் தேறாது.

கொஞ்சம் வளர்ந்த பையன்களுக்கு வேறு வேலை. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கவேண்டும். இது திருட்டுத்தனமாக நடந்த காரியம் அல்ல. எந்த மருந்து, எப்போது அடிப்பது என்று திட்டம் போட்டது சர்க்காரின் விவசாய இலாகா. பருவத்துக்கு ஆள் எடுத்ததும் அதுவே. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடும் காலமும் மருந்தடிக்கும் காலமும் ஒன்றாக வந்தது வசதியாகப் போயிற்று.

50 பையன்களுக்குப் பரீட்சை

மெனூஃபியா பல்கலைக்கழக டாக்டர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இந்தப் பையன்களைப் பரிசோதித்தார்கள். முடிவு 2008-ல் வெளியாயிற்று. மருந்தடிப்பவர்கள் 50 பேர். அதில் 30 பேர் 9 முதல் 15 வயது. மற்ற 20 பேர் 16 முதல் 19. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதும் அதே படிப்பும் உள்ள, விவசாய வேலைக்கே போகாத பையன்கள்.

பரீட்சை பெரிய கம்பசூத்திரம் அல்ல. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், திருப்பிச் சொல்லவேண்டும். அப்புறம் பின்னாலிருந்து முன்னால் சொல்லவேண்டும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும். சட்டென்று பார்த்துப் பொருத்தவேண்டும். பெரும்பாலான பரீட்சைகளில் மருந்தடித்தவர்கள் பின்தங்கினார்கள். சிறியவர்களும் அப்படியே, பெரியவர்களும் அப்படியே. எத்தனை வருஷம் அடித்தார்களோ அத்தனைக்கு அத்தனை மந்தம் கூடியிருந்தது.

ஏழைப் பையன்கள், முன்னாலேயே படிப்பில் மட்டாக இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் படிப்பை ஒப்பிட்டுத்தான் எதிர்த்தரப்பை எடுத்திருக்கிறார்கள். வருஷம் கூடக்கூடக் குறை கூடுவதற்கும் அந்தக் கேள்வியில் பதில் இல்லை.

கைகாட்டி ஏறாவிட்டால்?

இந்த மருந்துகளில் முக்கியமானது குளோர்பைரிபாஸ். ஆர்கனோபாஸ்பேட் என்ற வகையைச் சேர்ந்தது. போரில் வீசும் நரம்பு விஷவாயுவும் இதே குலம்தான்.

ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுபோக அசிடைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. செய்தி போனதும் அதைத் துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. வண்டி போனதும் கைகாட்டியைப் பழையபடி ஏற்றி வைக்கிற ஆள் மாதிரி. மருந்து அந்த ஆளின் கையைக் கட்டிவிடுகிறது. கைகாட்டி இறங்கினபடியே நிற்கிறது. புழு துடித்துச் சாகிறது. மனிதனுக்கும் அளவு அதிகமானால் வியர்க்கும், வாயில் எச்சில் ஊறும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு நிற்கும்.

மெனூஃபியா பையன்கள் மூச்சு நின்று விழவில்லை. தலைவலி, தலைசுற்றல், மங்கலான பார்வை என்று சொல்வார்கள். மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். விழாதவனை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள்?

விஷம் மூக்கு வழியாகப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதனால்தான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்ற தைரியம். அந்த வயல்களில் அளந்து பார்த்ததில், உடம்புக்குள் போன மருந்தில் மிகப் பெரும்பகுதி தோல் வழியாகவே போயிருந்தது. நனைந்த செடிக்குள் நடக்கிறபோது கால்சட்டை நனைகிறது. வெயிலில் உடம்போடு ஒட்டிக் காய்கிறது. வியர்வையில் மறுபடி ஊறுகிறது.

பருவம் முடிந்த பின்னும்

2016-ல் வந்த இரண்டாவது ஆராய்ச்சி இன்னும் கவலை தருவது. ஒரே பையன்களை 10 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்தடிப்பதற்கு முன்னால், அடிக்கும்போது, நின்ற பிற்பாடு என்று திரும்பத் திரும்பப் பரீட்சை. சிறுநீரில் மருந்தின் சுவடு கோடையில் ஏறிற்று, பிறகு இறங்கிவிட்டது. இறங்காதது மந்தம். மருந்தடிப்பது நின்று மாதக்கணக்கான பிறகும் அதிகம் விஷம் ஏறிய பையன்கள் பின்தங்கியே இருந்தார்கள். வயலில் இறங்காமல் ஊருக்குள் இருந்த பையன்களின் சிறுநீரிலும் மருந்துச் சுவடு இருந்தது.

மனித மூளை 20 வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. யோசித்து முடிவெடுக்கும் முன்பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. அந்த வயசில்தான் டேங்க் முதுகில் ஏறுகிறது. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கிறது. கணக்கு வராத பையனை வாத்தியார் சோம்பேறி என்கிறார்.

நாம் இதை 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். 'மருந்து குடித்துவிட்டான்' என்றால் என்ன அர்த்தம் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். எகிப்து எங்கோ இருக்கிறது என்று மகாராஷ்டிரத்தில் இருப்பவர்கள் நினைக்க முடியாது. 2017-ல் யவத்மால் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செத்தவர்களை எண்ணினார்கள். பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கு எண்களைத் திருப்பிச் சொல்லும் பரீட்சை வைப்பது ஆஸ்பத்திரி வழக்கம் அல்ல.

குளோர்பைரிபாஸை ஐரோப்பிய யூனியன் 2020-ல் நிறுத்தியது. 2025-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில், உலகமே கைவிடவேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. சில உபயோகங்களுக்கு விதிவிலக்கும் கூடவே கொடுத்திருக்கிறார்கள். அபாயமான விவசாய வேலைக்கு 18 வயது ஆகவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2001-லேயே உடன்படிக்கை செய்தது.

ஊரில் தம்பியோ மகனோ டேங்க் தூக்குகிறவனாக இருந்தால், அடுத்த கடிதத்திலோ போனிலோ இவ்வளவாவது சொல்லலாம். 18 வயது ஆகாதவன் தூக்கவே வேண்டாம். மற்றவர்கள் காற்றை எதிர்த்து அடிக்கவேண்டாம். நனைந்த துணியை அங்கேயே மாற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்த பிறகு சோற்றில் கை வைக்கவேண்டும். அந்தத் துணியை வீட்டுத் துணிகளோடு ஊறவைக்கக் கூடாது. துவைக்கிறவர் கையிலும் தோல்தான் இருக்கிறது.