மணமுறிவு: ஊர் நம்புவதும் உண்மை நிலையும்

காரைக்குடியை அடுத்த கோவிலூர் உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் திருமணம் இருவரின் இணைப்பாக மட்டும் கருதப்படுவதில்லை. திருமணத்தின்போது ‘இசைகுடிமானம்’ என்னும் உடன்படிக்கை எழுதப்படுவதாலும், இளையாற்றங்குடி, வேலங்குடி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றின் கணக்கில் புதுமணத் தம்பதி ஒரு ‘புள்ளி’யாக, அதாவது கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்ப அலகாகச் சேர்வதாலும், மணமுறிவுப் பேச்சு இரு வீட்டாரையும் கடந்து பங்காளிகள் வரை எட்டிவிடுகிறது. அதனால் எழும் அச்சமே பல தவறான நம்பிக்கைகளுக்கு இடமளிக்கிறது.

மணமுறிவு அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்பது அவற்றுள் ஒன்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்துக்கு முன்பே, 1949இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கான மணமுறிவுச் சட்டத்தை இயற்றியிருந்தது. தென்மாவட்டச் சமூகங்கள் சிலவற்றில் பெரியவர்கள் முன்னிலையில் மண உறவை ‘அத்துவிடும்’ வழக்கம் அதற்கும் முந்தையது.

பெண் வீட்டார் கொடுத்த நகையும் பாத்திரமும் புகுந்த வீட்டுக்கே உரியவை என்ற நம்பிக்கை இதைவிடக் கேடானது. பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்ட சீதனம் அவளுக்கு மட்டுமே உரிய சொத்து என்றும், கணவனிடம் இருக்கும்போது அவன் அதன் காவலன் மட்டுமே என்றும் உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே சீர்ச் சாமான்களை எழுதிவைக்கும் பட்டியல் பெருமைக்குரிய ஏடாக மட்டுமன்றிச் சான்றாகவும் பயன்படக்கூடியது. மணமுறிவு கோரி முதலில் மனுச் செய்தவள் ஜீவனாம்சம், அதாவது வாழ்க்கைப் பராமரிப்புத் தொகை, கேட்க முடியாது என்று சொல்வதும் தவறு. மனுவைத் தொடுத்தவர் யார் என்பதை வைத்து மட்டும் அவ்வுரிமை அற்றுப்போவதில்லை.

பிள்ளைகளைப் பற்றிய நம்பிக்கைதான் மிகுந்த துன்பத்தை விளைவிக்கிறது. பெற்றோர் பிரிந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று சொல்லியே பல குடும்பங்கள் ஓயாத சண்டையைச் சகித்துக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் பால் அமேட்டோவும் புரூஸ் கீத்தும் 1991இல் 92 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகச் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் அந்த வேறுபாடு சிறியதே என்று கண்டனர். பெற்றோருக்கு இடையிலான கடும் பகையே பிள்ளைகளை வருத்தும் முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதையும், அத்தகைய வீடுகளில் பிரிவுக்குப் பின் பிள்ளைகள் நிம்மதி அடைவதுண்டு என்பதையும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின.

சட்டப்படி முறிக்காமல் விலகி வாழ்வது கௌரவமானது என்ற எண்ணத்தையும் சோதிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். மணமுறிவின்றிப் பிரிந்து வாழ்ந்தவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இந்த இரண்டாம் கூட்டத்தில் உள்ள பெண், ஊரார் ‘வாழாவெட்டி’ என்று சுடுசொல் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, மறுமணத்துக்கும் வழியின்றிப் பிறந்த வீட்டில் காலங்கழிக்க நேர்கிறது. இதைக் கௌரவம் என்று அழைப்பது அநீதி.

பெற்றோரின் மணமுறிவு பிள்ளையின் வாரிசுரிமையைப் பறிப்பதும் இல்லை. தாயிடம் வளரும் மகனுக்கும் மகளுக்கும் தந்தைவழிப் பூர்விகச் சொத்தில், பங்காளிகள் பலர் சேர்ந்து ஆளும் செட்டிநாட்டுப் பெரிய வீடு உட்பட, சட்டம் தரும் பங்கு அப்படியே நிற்கும். மணமுறிவுத் தீர்ப்பு மாற்றுவது கணவன் மனைவி உறவை மட்டுமே.