பழைய டீஸல் டிராக்டர் எளிதில் கிளம்பாமைக்குக் காரணங்களும் பரிகாரங்களும்

குறுவை அறுவடையாகி, தாளடி நடவுக்காக வயலைச் சேறாக்கவேண்டிய ஐப்பசி மாதத்தில், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது, கொட்டகையிலுள்ள டிராக்டர் கிளம்ப மறுக்குமாயின் விவசாயிக்கு நேரும் சங்கடம் கொஞ்சமன்று. அவ்வேளையில் பம்பைக் கழற்றும்படி ஒருவர் சொல்லுவார். நாசிலை மாற்றும்படி மற்றொருவர் சொல்லுவார். பம்பு பழுதுபார்க்கப் பணமும் பல நாட்களும் செலவாகும். அதைத் திரும்ப மாட்டிய பின்னரும் வண்டி முன்போலவே நிற்பதுண்டு. ஸ்பானரைக் கையிலெடுக்குமுன் புகைபோக்கியைக் கவனிக்கவேண்டும் என்பதே இங்கு முக்கியமாகச் சொல்லக் கருதியது.

நம் ஜில்லாக்களில் பல வருஷங்களாக உழைத்துவரும் மாஸி பெர்குஸன் 35, 1035 வகை வண்டிகளின் மூன்று ஸிலிண்டர் பெர்க்கின்ஸ் இஞ்சினை மனத்திற்கொண்டே இது எழுதப்படுகிறது. மற்றப் பழைய டீஸல் இஞ்சின்களுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

டீஸல் இஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் சாதனம் கிடையாது. பிஸ்டன், காற்றை அதன் இடத்தில் 16-ல் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் நெருக்குகிறது. நெருங்கிய காற்று சுமார் 500 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறுகிறது. அதில் நாசில் வழியாகப் பனிபோல் தூவப்படும் டீஸல் தானே தீப்பற்றுகிறது. ஆகவே வேண்டியவை இரண்டு: காற்றுக் கலவாத டீஸல் உரிய நேரத்தில் வந்து சேரவேண்டும்; அதைப் பற்றவைக்கப் போதிய சூடும் இருக்கவேண்டும். எது குறைவு என்பதைப் புகை காட்டிவிடும்.

செல்ப் மோட்டாரால் இஞ்சினைச் சுற்றும்போது புகையே வரவில்லையானால் டீஸல் வந்து சேரவில்லை என்று அறியலாம். முதலில், இஞ்சினை நிறுத்த இழுத்த கம்பி திரும்ப உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இது சிரிப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆனால் இதற்காகவே மெக்கானிக்கை அழைத்துவந்தவர்கள் உண்டு. பிறகு டாங்கியின் குழாய், வடிகட்டியின் அடியில் தங்கிய தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்கலாம். இவை சரியாயிருந்தால், குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். டாங்கி வற்றும்வரை ஓட்டினாலும், வடிகட்டி மாற்றினாலும், இணைப்பிலுள்ள வாஷர் தேய்ந்தாலும் இது நேரும்.

காற்றை வெளியேற்றும் முறையாவது: வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, இஞ்சின் பக்கத்திலுள்ள சிறிய பம்பின் கைப்பிடியை அடிக்கவேண்டும். கைப்பிடி எதிர்ப்பின்றித் தொளதொளவென்று ஆடினால், இஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அடிக்கவேண்டும். குமிழியின்றி டீஸல் வந்தபின் திருகை முடுக்கி, பெரிய பம்பின் கீழ்த் திருகிலும் மேல் திருகிலும் அவ்வாறே செய்க. கடைசியாக, இரண்டு நாசில்களின் குழாய் நட்டைத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, டீஸல் தெறிக்கும்வரை செல்ப் போட்டு, நட்டை முடுக்கிவிடவேண்டும். மறுநாட் காலையில் மீண்டும் காற்றுப் பிடித்தால், டாங்கிக்கும் சிறிய பம்புக்கும் இடையிலுள்ள இணைப்புக்களையே சந்தேகிக்கவேண்டும். அவ்விடத்திற் பெரும்பாலும் டீஸல் வெளியே கசியாது, காற்றே உள்ளே புகும். ஆகையால் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

புகை வெண்மையாக வருமாயின், டீஸல் வருகிறது, பற்றவில்லை என்று பொருள். பம்புக்கு வீண்பழி வருவது இவ்விடத்தில்தான். இதற்குச் சாதாரணக் காரணம் இஞ்சின் மந்தமாகச் சுற்றுவதாகும். மெதுவாகச் சுற்றினால் நெருங்கிய காற்று ரிங்குகளின் வழியே கசிந்துபோகும்; சூடும் இரும்பிற் பரவிவிடும். செல்ப் போடும்போது 12 வோல்ட் பாட்டரியின் அளவு 9½ வோல்ட்டுக்குக் கீழிறங்கினால் பாட்டரி பலவீனமானது எனலாம். பாட்டரி நல்லதாயிருந்தும் மந்தமாகச் சுற்றினால், பத்து விநாடி செல்ப் போட்டபின் பெரிய வயர்களின் முனைகளைத் தொட்டுப் பார்க்கவேண்டும். எந்த முனை சுடுகிறதோ அங்கே துருவோ தளர்வோ இருக்கிறது. வண்டியின் உடம்போடு சேரும் எர்த்து வயரை ஒருவரும் கவனிப்பதில்லை. அதைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து முடுக்கின மாத்திரத்தில் வண்டி கிளம்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேண்டியதற்கு மேல் தடித்த இஞ்சின் எண்ணெயை ஊற்றுவதும் சுழற்சியை மந்தமாக்கும்.

வேகமாகச் சுற்றியும் வெண்புகையே வந்தால், வால்வு இடைவெளியை அளக்கவேண்டும். இந்த இஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். அதுவும் சரியானால் ரிங்குகளோ லைனரோ தேய்ந்திருக்கலாம். இஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவது அதற்கு அடையாளம். கரும்புகை வந்தால், வைக்கோல் தூசியால் அடைபட்ட காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும்.

ஈதர் தெளித்துக் கிளப்பும் வழக்கம் சில இடங்களிற் பரவியிருக்கிறது. அது காலத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையும் ரிங்குகளையும் உடைக்கக்கூடியது. காற்றைச் சூடேற்றும் சாதனம் வைத்த இஞ்சினில் குழாயிலேயே தீப்பிடிக்கும். இதனினும் கொடியது, தரையில் நின்றபடி ஸ்குரூடிரைவரால் செல்ப் மோட்டாரின் முனைகளை இணைப்பது. கியர் விழுந்திருந்தால் வண்டி உடனே புறப்பட்டு, பின்சக்கரம் நிற்பவர்மேல் ஏறிவிடும். இவ்விதம் உயிரிழந்தவர்கள் உண்டு. செல்ப் ஸ்விட்சு கெட்டிருந்தால் அதை மாற்றவேண்டுமேயன்றி இந்தக் குறுக்குவழியை வேலையாட்களுக்குக் கற்றுக்கொடுக்கலாகாது. கிராம அதிகாரிகள் இதைத் தங்கள் ஊரிற் கண்டால் தடுக்கவேண்டுகிறோம்.

பம்பே குற்றவாளியாகும் சந்தர்ப்பமும் உண்டு. காலையிற் குளிர்ந்த இஞ்சின் எளிதிற் கிளம்பி, மத்தியானம் சூடாக நிறுத்தியபின் கிளம்ப மறுத்தால், பம்பின் உட்பாகம் தேய்ந்து, சூட்டில் இளகிய டீஸல் அதன் வழியே கசிகிறது என்று ஊகிக்கலாம். ரிங்குத் தேய்வில் இது நேர்மாறாயிருக்கும்: காலையில் தொல்லை, சூடேறியபின் சுகம். பம்பைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், அதன் விளிம்பிலும் இஞ்சினிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கீறிவைத்துவிட்டுக் கழற்றுக. மாட்டும்போது அக்கோடு ஒன்றுக்கொன்று நேராக இல்லையெனில், டீஸல் தூவும் நேரம் மாறி, புதிதாக்கிய பம்போடும் வெண்புகையே வரும்.