உங்களுக்குத் தெரியுமா? கார் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம்

● கண்ணாடி எவ்வளவு கறுப்போ, காருக்குள் அவ்வளவு குளிர்ச்சி என்று நம்பித்தான் பலரும் கடைக்குப் போய் ஃபிலிம் கேட்கிறார்கள். தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். புற ஊதாக் கதிரின் பங்கு 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மிச்சம்தான் நாம் காணும் வெளிச்சம். சாயம் ஏற்றிய மலிவான கறுப்பு ஃபிலிம் தடுப்பது பெரும்பாலும் அந்த வெளிச்சத்தைத்தான். அகச்சிவப்பில் கணிசமான பங்கு உள்ளே வந்துவிடுகிறது. கார் இருட்டாகும். ஏ.சி.யின் சுமை மட்டும் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது.

● சாயம் கறுப்பாகவே இருந்துவிடாது. வெயிலில் சாயமூலக்கூறுகள் சிதைந்து, சில ஆண்டுகளில் ஃபிலிம் ஊதா நிறத்துக்கு மாறும், பிறகு குமிழி விடும். ஊதாக் கண்ணாடியோடு ஓடும் பழைய கார்கள் எல்லாம் இந்த வகை ஒட்டியவை.

● செராமிக் ஃபிலிமில் பீங்கான் எதுவும் இல்லை. ஆன்டிமனி கலந்த வெள்ளீய ஆக்சைடு, சீசியம் டங்ஸ்டன் ஆக்சைடு போன்றவற்றின் மிக நுண்ணிய துகள்கள்தான் அதில் இருக்கின்றன. வெளிச்சத்துக்கு வழிவிட்டு அகச்சிவப்பை மட்டும் உறிஞ்சுவது இத்துகள்களின் இயல்பு. இன்னொரு வகையில் துகளும் இல்லை, உலோகமும் இல்லை: இருநூறுக்கும் மேற்பட்ட பாலிமர் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்குகளாலேயே அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள். இவற்றில் வெளிச்சத்தின் 70 சதவீதத்தை உள்ளே விடும் ஃபிலிம்கூட, கன்னங்கரேலென்ற சாய ஃபிலிமுக்கு இணையாக, சில சமயம் அதைவிட அதிகமாகவே வெப்பத்தைத் தடுக்கும். விலைதான் அதிகம்.

● சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனால், ஒரு விளக்கின் முன்னால் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பிடித்து, "கையை வெச்சுப் பாருங்க சார்" என்பார்கள். கை சுடாது. அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த விளக்கு உமிழ்வது பெரும்பாலும் அகச்சிவப்பு. சூரிய ஒளியின் கலவை வேறு. பெட்டியில் 'ஐ.ஆர். 97%' என்று அச்சிட்டிருப்பதும் பல சமயம் அகச்சிவப்பின் ஒரு குறுகிய பட்டையில், 900 முதல் 1000 நானோமீட்டர் வரை, அளந்த எண்ணாக இருக்கும். கேட்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர். வெளிச்சம், அகச்சிவப்பு, புற ஊதா மூன்றையும் சேர்த்து மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. கேட்டால் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

● உலோகப் பூச்சுள்ள ஃபிலிமை முன் கண்ணாடியில் ஒட்டினால், சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்காமல் போகலாம். அதே உலோகம் ஜி.பி.எஸ்., செல்போன் சிக்னலையும் மங்கச் செய்யும். செராமிக்கில் இந்தத் தொல்லை கிடையாது.

● முன் கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் ஒரே சரக்கு அல்ல. முன்னால் இருப்பது லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் உண்டு. புற ஊதா 'ஏ' கதிரை அந்தப் படலமே பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி டெம்பர்டு, ஒற்றைத் தகடு. அமெரிக்காவில் 29 கார்களை அளந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முன் கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீதம் புற ஊதா 'ஏ'-யைத் தடுத்தன. பக்கக் கண்ணாடிகளின் சராசரி 71 சதவீதம்தான். சில கார்களில் அது 44 சதவீதத்துக்கே இறங்கியது.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு முகமே சாட்சி. 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய இடக்கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கிப்போயிருந்தது. வலக்கன்னம் அவ்வளவு கெடவில்லை. நம் ஊரில் வலக்கன்னமும் வலக்கையும்தான் ஜன்னலோரம். நாள் முழுக்கக் கால் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். புற ஊதாவைத் தடுக்கக் கறுப்பு தேவையே இல்லை. கண்ணாடி போலவே தெளிவாக இருக்கும் நல்ல ஃபிலிம் ஏறக்குறைய முழுவதையும் நிறுத்திவிடும்.

● சரி, சட்டம்? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது. அந்த அளவுக்கு உட்பட்ட ஃபிலிமை ஒட்டிக்கொள்ளலாம் என்றே பல ஆண்டுகள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அபிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. கண்ணாடி தயாராகி வரும்போதே அந்த அளவில் இருக்க வேண்டும். பிறகு அதன்மேல் எத்தனை சதவீத ஃபிலிமையும் ஒட்டக் கூடாது. அந்த ஆண்டு மே 4 முதல் ஆணை நடப்புக்கு வந்தது. போலீஸார் நடுச்சாலையில் நிறுத்திக் கறுப்பு ஃபிலிமைக் கிழித்தெடுத்த காட்சிகள் பலருக்கு நினைவிருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. கண்ணாடிக்கான இந்தியத் தர நிர்ணயம் 2019-இல் திருத்தப்பட்டது. அதையொட்டி 100-ஆவது விதியும் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பதோடு 'சேஃப்டி கிளேஸிங்' என்பதும் சேர்ந்தது. கண்ணாடியின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த அமைப்பும் இதில் அடங்கும். இந்தத் திருத்தத்தை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 என்ற அளவுக்குள் இருந்தால் ஃபிலிமுக்காக அபராதம் விதிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு என்பது என் கருத்து. வெயிலில் வாழும் நாட்டில் தெளிவான ஃபிலிமைக் குற்றமாக்கத் தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் வண்டியை மறிக்கும் காவலர் 2012 ஆணையைக் காட்டினால், கேரளத் தீர்ப்பு அங்கேயே அவரைக் கட்டுப்படுத்திவிடாது. ஒட்டுவதற்கு முன் இதை மனதில் வையுங்கள்.

● தயாரிப்பாளரே சாயமிட்ட கண்ணாடி பொருத்தித் தந்தால், அளவுக்கு உட்பட்டிருக்கும்வரை 2012 தீர்ப்பும் அதைத் தடுக்கவில்லை.

● இனி ஒரு சின்னக் கணக்கு. கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. பக்கக் கண்ணாடி சட்டப்படி 50 சதவீதம் என்பதால் 50 சதவீத ஃபிலிம் வாங்கினால் சரி என்று தோன்றும். ஆனால் கம்பெனிக் கண்ணாடியே லேசான பச்சைச் சாயத்தோடு வரும். வெளிச்சத்தில் 72 சதவீதம்தான் உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஏறினால், 72-இல் பாதி, அதாவது 36 சதவீதம்தான் மிஞ்சும். அது விதிமீறல். 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 50.4 வரும், மயிரிழையில் தப்பலாம். முன் கண்ணாடிக்கு இன்னும் நெருக்கடி: கண்ணாடி 78 சதவீதம் என்றால், 90 சதவீத ஃபிலிமுக்கு மட்டுமே இடமுண்டு. ஆகவே ஃபிலிமின் எண்ணை மட்டும் கேட்காமல், டிண்ட் மீட்டர் வைத்து முதலில் உங்கள் வெறும் கண்ணாடியை அளக்கச் சொல்லுங்கள்.

● சிங்கப்பூரில் முன் கண்ணாடிக்கும் முன்பக்க ஜன்னல்களுக்கும் 70 சதவீதம்; பின்புறத்துக்கு 25 போதும். மலேசியாவில் 2019 முதல் முன் கண்ணாடிக்கு 70, முன்பக்க ஜன்னல்களுக்கு 50. பின்னால் எவ்வளவு கறுப்பும் இருக்கலாம். இரண்டு நாடுகளும் ஓட்டுநர் பார்க்கும் பக்கத்தில்தான் கண்டிப்பைக் காட்டுகின்றன.

● எந்த ஃபிலிம் ஒட்டியிருந்தாலும், நிறுத்திய காரில் குழந்தையை விட்டுப் போகக் கூடாது. அமெரிக்காவில் 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிதாகப் பலனில்லை. "சும்மா அஞ்சு நிமிஷம்தானே" என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

● ஃபிலிமை எப்போதும் கண்ணாடியின் உட்புறம்தான் ஒட்டுவார்கள். வெட்டி வடிவம் எடுப்பது மட்டும் வெளிப்புறத்தில். வளைந்த பின் கண்ணாடியில் தட்டையான ஃபிலிம் சுருக்கம் விழாமல் உட்காருவதற்கு ஹீட் கன்னால் சுட்டுச் சுருக்குவார்கள். ரோலின் நீளவாக்கில் அது நன்றாகச் சுருங்கும், அகலவாக்கில் சுருங்காது. எந்த வாக்கில் போட வேண்டும் என்று தெரிந்த ஃபிட்டரைத் தேடிப் போவது, பிராண்டைத் தேடிப் போவதைவிட முக்கியம். திறந்த தெருவோரத்தில், தூசிக் காற்றில் ஒட்டுபவரிடம் விலை குறைவு என்று போகாதீர்கள்.

● ஒட்டிய மறுநாள் கண்ணாடியில் பால் படிந்தாற்போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒட்டும்போது தெளித்த சோப்புத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை, அவ்வளவுதான். ஓரிரு வாரத்தில் தெளியும். மழைக்காலத்தில் கூடுதல் நாளாகும். தூசிப் புள்ளி மட்டும் தானாகப் போகாது. அதை அன்றைக்கே காட்டி மாற்றச் சொல்லுங்கள். நான்கைந்து நாள் ஜன்னலை இறக்கக் கூடாது: ஈரம் காயாத ஓரத்தைப் பீடிங் ரப்பர் உரித்துவிடும்.

● அம்மோனியா கலந்த கிளீனர் சாய ஃபிலிமின் எதிரி. ஈரத் துணியே போதும்.

● பின் கண்ணாடியில் குறுக்கே ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகள் பனிமூட்டத்தை நீக்கும் மின்கம்பிகள். அவை கண்ணாடியின் உட்புறம், ஃபிலிம் ஒட்டும் அதே பக்கத்தில் இருக்கின்றன. பழைய ஃபிலிமை பிளேடால் சுரண்டினால் கம்பி அறுந்து அந்த வரி சூடாகாது. நீராவி காட்டிப் பசையை இளக்கி, மெதுவாக முழுத்தாளாக உரிக்க வேண்டும். அப்படியும் ஒரு வரி அறுந்துவிட்டால், வெள்ளி கலந்த கடத்தும் பெயின்ட்டால் அறுந்த இடத்தை இணைத்துவிடலாம்.