மலையைத் தாண்டினால் கதை முடிந்துவிடுமா?

போருக்குத் தப்பி ஓடும் குடும்பத்தைப் பற்றிய சிறுவர் சாகசக் கதை என்றால், கடைசியில் பெரும்பாலும் ஒரு மலை நிற்கும். மூச்சிரைக்க ஏறி இறங்கினால் வேறு நாடு. அத்தோடு 'சுபம்' போட்டுவிடுவார்கள்.

இந்தச் சுபத்தை நமக்குப் பழக்கியதில் 1965இல் வந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாஜிகளிடமிருந்து தப்பும் ஆஸ்திரியப் பாடகர் குடும்பம் ஆல்ப்ஸ் மலையேறி சுவிட்சர்லாந்துக்குப் போவதாகப் படம் முடியும். நிஜக் குடும்பமோ 1938இல் இத்தாலிக்கு ரயிலேறியது. அவர்கள் வாழ்ந்த சால்ஸ்பர்க் நகரை ஒட்டிய மலைகளைத் தாண்டியிருந்தால், அவர்கள் போய் நின்றிருப்பது நாஜி ஜெர்மனியில்!

'கிஸ் தி டஸ்ட்' என்ற ஆங்கில நாவல் இந்த வழியில் போகவில்லை. தாரா வடக்கு இராக்கின் சுலைமானியா நகரத்துக் குர்து இனச் சிறுமி. வசதியான வீடு, பள்ளிக்கூடம், தோழி என்று இருந்தவள். போராளிகளோடு அப்பாவுக்கு இருக்கும் தொடர்பு வெளியே தெரிந்ததும் குடும்பம் மலைக் கிராமத்துக்கு ஓடுகிறது. அங்கேயும் விமானங்கள் குண்டு வீசுகின்றன. மலைகளைக் கடந்து ஈரானுக்குள் நுழைகிறார்கள். சாகசத்துக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் எல்லையைத் தாண்டிய பிறகும் கதை நிற்பதில்லை. முகாம், டெஹ்ரான், மொழி புரியாத லண்டன் என்று நீள்கிறது.

நாவல் வெளியான 1991இலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குர்து மக்கள் ஈரான், துருக்கி எல்லை மலைகளை நோக்கி ஓடினார்கள். மலையில் குளிருக்கும் நோய்க்கும் பலியான குழந்தைகள் ஏராளம். மலை அடைக்கலமும் தரும், உயிரையும் வாங்கும்.

வார்சாவில் தொடங்கி சுவிட்சர்லாந்தில் முடியும் 'தி சில்வர் சோர்டு' (1956) நாவலிலும் கடைசிப் பக்கங்களைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். வழியெல்லாம் தம்பி தங்கையைத் தாயாக இருந்து காத்த ரூத், அம்மா கிடைத்ததும் சின்னப் பிள்ளைபோல அவரை ஒட்டிக்கொள்கிறாள். தான் இழந்த பிள்ளைப் பருவத்தை அவள் அங்கேதான் தேடுகிறாள்.

'குழந்தைகளுக்கு நம்பிக்கை கொடுங்கள், கவலை எதற்கு?' என்பவர்களும் உண்டு. நியாயம்தான். ஆனால் என் கவலை வேறு. எல்லையோடு முடியும் கதைகளை மட்டுமே படித்து வளரும் பிள்ளைக்கு, பத்திரமாக வந்து சேர்ந்தவருக்கு இனி என்ன குறை என்றே தோன்றும். வகுப்பில் புதிதாக வந்து உட்காரும் அகதிச் சிறுமி ஏன் பேச மறுக்கிறாள் என்பது அதற்குப் புரியாது. ஓடும்போது அவளுக்காகப் பதறிய மனம், அவள் பக்கத்து பெஞ்சுக்கு வந்ததும் அலுத்துக்கொள்ளும். பெரியவர்களான நம்மிடம் இந்த அலுப்பு ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே இப்படியொரு புத்தகத்தைப் பிள்ளைக்கு வாங்குமுன் அட்டையில் இருக்கும் பனிமலையைப் பார்த்து மயங்காதீர்கள். கடைசிக் கால் பங்கைப் புரட்டுங்கள். மலையிலிருந்து இறங்கியவர்கள் அங்கே சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, புதுப் பள்ளியில் திணறுகிறார்களா? அப்படியென்றால் தாராளமாக வாங்கலாம்.