மண்டபம் பார்க்கப் போறீங்களா? காலியா இருக்கும்போது போகாதீங்க!

முகூர்த்தத் தேதி குறித்தாச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா, அம்மா, தாய்மாமா என்று நான்கு பேர் மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மேனேஜர் கதவைத் திறந்து எல்லா லைட்டையும் போடுவார். ஏசி ஓடும். மேடையில் நின்று செல்போனில் இரண்டு போட்டோ. 'ஹால் நல்லா பெருசா இருக்கு, பார்க்கிங்கும் இருக்கு' என்று ஃபேமிலி குரூப்பில் தகவல் போகும். அங்கேயே அட்வான்ஸும் கை மாறிவிடும். மொத்தம் 20 நிமிடம்.

லட்சக்கணக்கில் பணம் போகிற விஷயத்தில் அந்த 20 நிமிடத்தில் பார்த்தது என்ன? ஆளில்லாத மண்டபம். அங்கே எதுவுமே தப்பா நடக்காது. பாத்ரூமில் தண்ணீர் நிற்காது, படிக்கட்டில் நெரிசல் வராது, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்காது.

மண்டபம் பார்க்க சரியான நாள், அங்கே இன்னொரு வீட்டுக் கல்யாணம் நடக்கும் நாள்தான். மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ரிசப்ஷன் அன்று இரவு 8 மணி வாக்கில் போய் அரை மணி நேரம் ஓரமாக நின்றால் போதும். (பந்தியில் உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.)

பந்திக் கணக்கு போட்டுப் பாருங்க

'ஆயிரம் பேர் தாராளமா உட்காரலாம்' என்று மேனேஜர் சொல்வது பெரும்பாலும் ஹால் நாற்காலிக் கணக்கு. கேட்க வேண்டியது டைனிங் ஹாலில் ஒரு பந்திக்கு எத்தனை இலை என்பதைத்தான். 200 இலை என்றால் ஆயிரம் பேருக்கு ஐந்து பந்தி. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, எடுத்துத் துடைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம் ஆகிவிடும். 7 மணிக்கு முதல் பந்தி ஆரம்பித்தால் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது மணி 10.20. பசியோடு காத்திருந்த சொந்தக்காரர்கள் அதை எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

டைனிங் ஹால் எந்த மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறதா, கரன்ட் போனால் அந்த லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும் பாட்டி, தாத்தாவை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஜெனரேட்டர் இருக்கு சார்' என்பது பாதி பதில்தான். ஏசிக்கும் சேர்த்தா, லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமா என்பதுதான் மீதி.

வெளியே போகும் வழி எங்கே?

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் அநேகமாகக் கேட்காத கேள்வி இது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்தது. மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வீடியோ எடுக்க இழுத்திருந்த ஒயரிலிருந்து தீ கிளம்பியதாகச் சொல்லப்பட்டது. கூரை எரிந்து விழ, குறுகலான படிக்கட்டு வழியாகக் கூட்டம் இறங்க முடியவில்லை. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16-ல் 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ விபத்திலும் கீற்றுக் கூரைதான் எரிந்தது.

இன்று மண்டபங்களில் கீற்றைப் பார்ப்பது அரிது. அதற்குப் பதிலாகத் துணி அலங்காரமும் பிளாஸ்டிக் பூவும் தெர்மாகோலும் வந்துவிட்டன. இவையும் சுலபமாகத் தீப்பிடிப்பவைதான். மேடைக்குப் பின்னாலுள்ள கதவை டெக்கரேஷன் துணி மறைத்திருக்கும். பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் நாற்காலிகளை அடுக்கியிருப்பார்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கும். காலி மண்டபத்தில் இது ஒன்றும் தெரியாது. கல்யாணம் நடக்கும் நாளில் மேடையிலிருந்து வெளியே போக எத்தனை வழி, அதில் எத்தனை நிஜமாகவே திறந்திருக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டரையும் ஒரு பார்வை பார்க்கலாம். பிரஷர் மீட்டர் உள்ள சிலிண்டர் என்றால் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். அடுத்து எப்போது நிரப்ப வேண்டும் என்ற தேதி ஸ்டிக்கரில் இருக்கும்.

தீயணைப்புத் துறை கொடுத்த சான்று நடப்பில் இருக்கிறதா, பொதுக் கட்டடங்களுக்கான 1965-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். முறையாக நடத்துகிறவர்கள் அதை ஆபீஸ் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று பதில் வந்தால், வேறு மண்டபம் பார்ப்பது நல்லது.

வாடகை வேற, பில் வேற

போனில் சொல்லும் தொகை வாடகை மட்டும்தான். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பிறகு கரன்ட், ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கில் டீசல், கேஸ், கிளீனிங், குப்பை என்று வரிசையாக வரும். சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மின் மீட்டரை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் குறையும். வெளி கேட்டரிங், வெளி டெக்கரேஷன் கொண்டுவந்தால் தனியாகப் பணம் கேட்கும் மண்டபங்களும் உண்டு.

'ஒரு நாள்' என்றால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதும் மண்டபத்துக்கு மண்டபம் மாறும். முதல் நாள் மதியம்தான் சாவி கிடைக்கும் என்றால், முந்தைய பார்ட்டி காலி செய்யத் தாமதமாகும்போது டெக்கரேஷன்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான். திறந்தவெளியில் ரிசப்ஷன் என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. டிஜேவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை யோசித்துவிட வேண்டும்.

2020 ஊரடங்கில் கல்யாணங்களுக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று வந்தபோது, கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் பல குடும்பங்கள் அலைந்தன. தேதி மாறினாலோ, ரத்தானாலோ எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். எழுத்தில் இருந்தால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்வதும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதும் சுலபம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை.

கிளம்புவதற்கு முன் சமையல்கட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாம். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அக்காவிடமோ, சமையல் மாஸ்டரிடமோ 'இங்க தண்ணி எப்படி அண்ணே, லாரி அடிக்கிறாங்களா?' என்று கேட்டால் போதும். மேனேஜர் சொல்லாமல் விட்டதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.