கரன்ட் போன முகக்கவசம்

இன்றைய கார் ஆலைகளில் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தெளிக்கும் துளிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட்டில் மின்னூட்டம் ஏற்றிவிடுகிறார்கள். துளிகள் தாமாகவே தகட்டைத் தேடி ஓடுகின்றன. பக்கத்தில் தவறிப்போனவைகூட வளைந்து திரும்பி வந்து ஒட்டிக்கொள்கின்றன. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் கார்கள் பளபளப்பது இப்படித்தான்.

மருத்துவர்கள் அணியும் என்95 முகக்கவசத்துக்குள்ளும் வேலை செய்வது இதே வித்தைதான், ஆனால் தலைகீழாக: மின்னூட்டம் இழையில் இருக்கிறது, ஓடிவந்து ஒட்டுவது தூசி.

முகக்கவசத்தைச் சல்லடை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அதன் நடு அடுக்கின் இழைகளுக்கு இடையே இருக்கும் வெளி, கொரோனா வைரஸைவிடப் பல மடங்கு பெரிது. வைரஸின் குறுக்களவு சுமார் 0.1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பெரிய துகள் நேராகப் போய் இழையில் மோதும். மிகச் சிறியது காற்றில் தள்ளாடித் தள்ளாடி எங்காவது இடித்துக்கொள்ளும். ஆக, பிடிக்கச் சிரமமானது இரண்டுங்கெட்டானாக நிற்கும் 0.3 மைக்ரான் துகள்தான்! சோதனை அந்த அளவில்தான். அதில் நூற்றுக்கு 95 பிடிபட்டால் என்95. அதற்குக் கைகொடுப்பது இழையின் மின்னூட்டம்.

அரிசி மூட்டைக்கான பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கைத்தான் உருக்கி, ஊதி, இந்த இழையாக்குகிறார்கள். அதில் மின்னூட்டத்தை நெடுங்காலம் தங்கவைத்தால் அது ‘எலக்ட்ரெட்’, நிலைமின் இழை. 1990களில் இதற்கான புதிய வழியொன்றை டென்னசி பல்கலைக்கழகத்தில் கண்டவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். 2020இல் முகக்கவசத் தட்டுப்பாடு வந்ததும், ஓய்விலிருந்த அவர், அணிந்ததையே மறுபடி அணியச் சுத்தம் செய்வது எப்படி என்று பார்க்கத் திரும்பி வந்தார்.

துவைத்தால் போச்சு, இதில் என்ன? பெயின்ட் அடிப்பவர்கள் போடும் ரப்பர் முகமூடிக்கு அது சரி. வடிகட்டியைக் கழற்றிவிட்டு முகப்பாகத்தைச் சோப்பு நீரில் கழுவலாம். வைரஸின் கொழுப்புறை சோப்பில் சிதைந்துவிடும். என்95ஐ 75 சதவீத ஆல்கஹாலில் நனைத்தால்? வைரஸ் ஒழியும். ஒரு நூலும் பிரியாது. ஆனால் ஸ்டான்போர்டு விஞ்ஞானிகள் அளந்தபோது வடிகட்டும் திறன் சுமார் 56 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கண்ணுக்குப் புதிதுபோல இருப்பதுதான் ஆபத்து: போனது மின்னூட்டம் மட்டும்.

நனைக்காத வழிகளும் உண்டு. 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கெடுக்கும். ஆனால் மடிப்பின் நிழலில் ஒளிந்த வைரஸை அது தொடாது. மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் இந்தக் கதிர் கிடைக்காது. ஓசோன் அடுக்கு அதை மேலேயே விழுங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி மடிப்புக்குள்ளும் நுழையும், பிறகு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அமெரிக்காவின் பாட்டல் நிறுவனம் இந்த முறைக்கு 2020 மார்ச்சில் அவசர அனுமதி பெற்றது. பருத்தி, காகிதம் கலந்த கவசங்களுக்கு ஆகாது. அவை ஆவியை உறிஞ்சிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது சமையலறை வழி. இலினாய் பல்கலைக்கழகத்தில் ஹெலன் நுயென், விஷால் வர்மா குழுவினர் மின்சாரக் குக்கரின் அடியில் துண்டு ஒன்றை விரித்து, தண்ணீரே விடாமல், 100 டிகிரியில் 50 நிமிடம் முகக்கவசங்களைச் சூடாக்கினார்கள். வைரஸின் புரதங்கள் குலைந்தன. 20 முறை சூடாக்கியும் வடிகட்டும் திறன் 95 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. தண்ணீர் விடாததுதான் சூட்சுமம். ஸ்டான்போர்டு சோதனையில் நீராவியில் வைத்தவை ஐந்தே முறையில் சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கின. குக்கர் ஆகும், இட்லிப் பானை ஆகாது.

இதைவிட எளிய வழி, சும்மா இருப்பது. ஐந்து முகக்கவசங்களை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக அணிந்து, கழற்றியதைக் காகிதப் பையில் போட்டு ஐந்து நாள் காத்திருக்கச் சொன்னது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பிளாஸ்டிக் பை கூடாது. ஈரம் வெளியேற வேண்டும். அந்த ஐந்து நாளுக்குள் வைரஸ் தானே செயலிழந்துவிடும்.

எந்த வழியானாலும் கடைசியில் காலை வாருவது தலையைச் சுற்றும் ரப்பர் பட்டை. போட்டுக் கழற்றப் பட்டை தளரும், ஓரம் கசியும், இழையைத் தொடாமலே காற்று உள்ளே வரும். பாட்டல் முறையில் ஒரு கவசத்தை 20 முறை சுத்தம் செய்யலாம் என்று முதலில் அனுமதித்தவர்கள், பின்னர் அதை நான்காகக் குறைத்தார்கள்.